தாளில் மட்டும் ஏழு வயது மூத்தவள்

அடிஸ் அபாபா
தாக்சாஸ் 3, 1989

அன்புள்ள அண்ணன் மெகர்சாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். கெட்ட செய்தி உன்னைப் பற்றியது, அது பின்னால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஜான் மேடா மைதானத்தில் தேர்வு ஓட்டம் நடந்தது. இருபது வயதுக்கு உட்பட்ட பெண்கள், ஆறு கிலோமீட்டர். நான் இரண்டாவதாக வந்தேன். முதலில் வந்தவள் கடைசி வளைவில் முழங்கையால் என்னை இடித்தாள். அவளை இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறேன். இத்தாலியில் மொந்தெரிவா என்றொரு ஊராம். அங்கே அடுத்த மாதம், திர் கடைசியில், பல நாட்டுக்காரர்கள் ஓடும் வயல்வெளி ஓட்டம். நம் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் ஓடப் போகிறேன் அண்ணா. முதுகில் நாட்டின் பெயர் எழுதியிருக்கும் சட்டை. அறையில் யாரும் இல்லாதபோது ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, ஆனால் கழற்ற மனம் வரவில்லை.

இப்போது கெட்ட செய்தி. எங்கள் பயிற்சியாளர் பழைய ராணுவக் கேப்டன், அதனால் எல்லோரும் ஷம்பெல் என்றுதான் கூப்பிடுகிறோம். நேற்று அவர் எங்கள் கடவுச்சீட்டுகளை மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடையதை எடுத்தவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"லென்சா, உனக்கு எத்தனை பிள்ளைங்க?"

"எனக்கா? எனக்குக் கல்யாணமே ஆகலையே ஷம்பெல்."

"இருபத்தஞ்சு வயசாச்சே. இன்னுமா வீட்ல சும்மா விட்டு வச்சிருக்காங்க?"

பிறந்த வருடம் 1971 என்று போட்டிருக்கிறது. நம் கணக்கில் அது சரிதான். ஆனால் கடவுச்சீட்டைப் பார்ப்பவர்கள் வெளிநாட்டார். அவர்கள் கணக்கில் நான் பிறந்தது 1978. நம் நாட்காட்டி அவர்களுடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் நடக்கிறது என்பது ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு மேலேயே 'வெளிநாட்டுக் கணக்கில் எழுதவும்' என்று அச்சடித்திருந்ததாம். அந்தப் படிவத்தை நிரப்பியது யார்? சிர்போ ஊர் கபெலே அலுவலகத்தின் எழுத்தர், முத்து முத்தான கையெழுத்துக்காரர், என் கூடப்பிறந்தவர். நான் எட்டிப் பார்த்ததற்கு என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "உனக்கு ஓடறது தொழில், எனக்குப் படிவம் தொழில். தள்ளி உட்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். ஒரே கையெழுத்தில் என்னை ஏழு வருடம் மூப்பாக்கிவிட்டாய்.

கபெலே முத்திரையோடு ஒரு திருத்தக் கடிதம் வேண்டும். 'எங்கள் அலுவலகத்தின் தவறு' என்று அதில் இருந்தால்தான் இங்கே திருத்துவார்களாம். திர் 6-க்குள் பெயர்ப் பட்டியல் இத்தாலிக்குப் போய்விடும். உடனே அனுப்பு.

நோன்புக் காலம் ஆதலால் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. அவரைப் பயற்றை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறேன். பெஸ்ஸோ மாவு தீர்ந்துவிட்டது. அம்மாவிடம் சொல்.

உன் தங்கை
லென்சா (வயது 18)


சிர்போ
தாக்சாஸ் 9, 1989

பொருள்: பிறந்த வருடம் தொடர்பாக எழுப்பப்பட்ட புகார்.
பார்வை: தங்களின் 3ஆம் தேதியிட்ட கோபமான கடிதம்.

அன்புத் தங்கை லென்சாவுக்கு,

முதற்கண் வாழ்த்துகள். இரண்டாவது இடம் நல்ல இடம்.

பார்வையில் கண்ட கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அலுவலகப் பதிவேட்டையும் எடுத்துச் சரிபார்த்தேன். நீ பிறந்தது ஹிதார் 12, 1971. படிவத்தில் உள்ளதும் 1971. பதிவேடும் படிவமும் ஒத்துப்போகின்றன. எனவே பிழை ஏதும் இல்லை. வெளிநாட்டார் நம்மைவிட ஏழு வருடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால் அது அவர்களுடைய அவசரம். நாம் பொறுமையாக வருகிறோம்.

கட்டத்துக்கு மேல் ஏதோ அச்சடித்திருந்ததாக எழுதியிருக்கிறாய். அந்த எழுத்து எறும்பு அளவு. முக்கியமான விஷயமாக இருந்தால் பெரிதாக அச்சடித்திருப்பார்கள்.

திருத்தக் கடிதம் பற்றி. லென்சா, இதை நீ கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்பது வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். என் கையிலிருந்து ஒரு திருத்தச் சீட்டும் போனதில்லை. தலைமை எழுத்தர் ஒப்போ துலு ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலிக்கு மூன்று பேர் பெயர் மேலிடத்துக்குப் போயிருக்கிறது. அதில் என் பெயர் முதலில் இருக்கிறது. திர் மாதம் அதிகாரி வந்து எங்கள் கோப்புகளைப் புரட்டிப் பார்ப்பார். இந்த நேரத்தில் 'எங்கள் அலுவலகத்தின் தவறு' என்று நானே என் கையால் எழுதி, நானே முத்திரை குத்தி, நானே கோப்பில் வைக்க வேண்டுமா? வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று உன் ஷம்பெலிடம் கேட்டுப் பார். ராணுவத்தில் எல்லாவற்றுக்கும் வழி இருக்குமே.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மிகவும் மகிழ்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள்.

பஸ் ஓட்டுநர் ஹுசேனிடம் மூன்று கிலோ பெஸ்ஸோ மாவு கொடுத்துவிட்டிருக்கிறேன். பார்லியை அம்மாவே வறுத்தாள். இந்தத் தடவை கொஞ்சம் கருகல் வாசம் இருக்கும், பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
மெகர்சா குத்தமா
எழுத்தர், சிர்போ கபெலே


அடிஸ் அபாபா
தாக்சாஸ் 17, 1989

அண்ணா,

மாவு வந்தது. கருகல் வாசம் நன்றாகத்தான் இருக்கிறது.

மாவைக் கொடுத்துவிட்டு ஹுசேன் என்ன சொன்னார் தெரியுமா? "உங்கம்மா பூரிச்சுப் போயிருக்காங்க. எம் பொண்ணு இத்தாலி போறா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சந்தையில ஒருத்தர் விடாம சொல்லியாச்சு." எல்லாம் நல்லபடியாக முடிந்ததா? கடிதத்தின் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாய், அப்படித்தானே? அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் அவளுடைய கண்ணும் உன்னுடையதுதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அதைப் போய் இப்படிச் செய்வாயா?

அதனால் இந்தக் கடிதம் உனக்கு எழுதியதுதான் என்றாலும் ஹுசேன்தான் வாசிப்பார். அம்மாவுக்கு முன்னால், உன்னையும் உட்கார வைத்து. ஹுசேன் அண்ணே, ஒரு வரிகூட விடாமல் வாசியுங்கள்.

அம்மா, அண்ணன் என் வயதைத் தப்பாக எழுதிவிட்டான். அதனால் என்னை இத்தாலியில் சிறிய பெண்களோடு ஓட விடமாட்டார்கள். அவன் ஒரு கடிதம் எழுதினால் சரியாகிவிடும். எழுத மாட்டேன் என்கிறான். அவனுக்கு ஒப்போ துலுவின் நாற்காலி வேண்டுமாம்.

அண்ணா, நீ அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். கேலிக்காகச் சொல்லவில்லை. ஆனால் நான் இந்த ஒரு ஓட்டத்துக்காக இரண்டு வருடமாக எந்தோத்தோ மலைமேல் விடியும் முன்னே ஏறுகிறேன். போன வாரம் காட்டுப் பாதையில் ஒரு கழுதைப்புலி எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றது. மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். எனக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்ததால் நான் அதைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கழுதைப்புலிக்கே நிற்காதவள் எறும்பு எழுத்துக்காக வீட்டில் உட்காரப் போகிறேன்.

விடுதியில் இப்போது எல்லோரும் என்னை 'அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். என்னைவிட மூன்று வயது பெரியவள் அஸ்கலே நேற்று எழுந்து நின்று எனக்கு உட்கார இடம் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் போய் அழுதேன்.

முத்திரை இல்லாமல் இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

லென்சா


சிர்போ
தாக்சாஸ் 24, 1989

பொருள்: சரணாகதி.
இணைப்பு: ஒன்று, முத்திரையுடன்.

லென்சா,

ஹுசேன் வாசித்தார். பஸ் ஹாரன் மாதிரிக் குரல் அவருக்கு. வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்டது.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காப்பி வைத்தாள். முதல் சுற்றுக் காப்பியை ஹுசேனுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஊற்றினாள், என் கோப்பையைத் தாண்டிப் போனாள். இரண்டாம் சுற்றிலும் தாண்டிப் போனாள். மூன்றாம் சுற்றில், அதே தூளில் மூன்றாவது தடவை கொதித்த வெந்நீரை, என் கோப்பையில் ஊற்றிவிட்டு, "எழுத்தருக்கு இது போதும்" என்றாள். ஆறு நாளாக இப்படித்தான். காலையும் மாலையும் மூன்றாம் சுற்று. எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

ஆனால் தலைவலிக்காக எழுதியதாக நினைக்காதே. நீ குளியலறையில் அழுததை ஹுசேன் அந்தக் குரலிலேயே வாசித்தார். அதை நான் சத்தமில்லாமல் படித்திருக்க வேண்டும்.

பிறந்த நாளுக்குச் சாட்சி வேண்டும் என்று விதி இருக்கிறது. மருத்துவச்சி இறந்துவிட்டாள், அப்பாவும் இல்லை. ஆகவே சாட்சியும் நானே. ஒப்போ துலுவிடம் காட்டினேன். "இது அலுவலகக் கடிதமாடா?" என்றார். பிறகு இன்னொரு தடவை வாசித்துவிட்டு, "ஒரு வரியும் வெட்டாதே" என்று சொல்லி முத்திரையை அவரே குத்தினார். உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நகலைக் கீழே எழுதுகிறேன்.

'சிர்போ கபெலேயின் எழுத்தர் மெகர்சா குத்தமா ஆகிய நான் தெரிவித்துக்கொள்வது. லென்சா குத்தமா என்பவரின் பிறந்த வருடத்தை வெளிநாட்டுக் கணக்குக்கு மாற்றாமல் எழுதியது இந்த அலுவலகத்தின் தவறு. குறிப்பாக, என் தவறு. சரியான வருடம் வெளிநாட்டுக் கணக்கில் 1978.

இந்தத் தேதிக்கு நானே சாட்சி. அன்று ஹிதார் 12, மிக்கேல் திருநாள். அந்த நாளின் வழக்கப்படி ஊர் முழுக்கக் குப்பை எரித்த புகை. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா பார்லி அறுவடைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு வலி எடுத்ததும் மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடையைத் தாண்டி அடுத்த ஊருக்கு ஓடினேன். புகையில் பாதை தெரியாமல் ஓடையில் விழுந்தேன். மருத்துவச்சி கழுதைமேல் வந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஓடி வந்தேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் நான் ஓடிய ஒரே ஓட்டம் அது. அதில் லென்சா முதலாவதாகவும் நான் இரண்டாவதாகவும் வந்தோம். ஆகவே தேதி எனக்கு மறக்க வாய்ப்பில்லை.'

இன்று மாலை எனக்கு முதல் சுற்றுக் காப்பி கிடைத்தது.

மெகர்சா


அடிஸ் அபாபா
திர் 7, 1989

என் அன்பு அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை ஷம்பெலிடம் கொடுத்தேன். அவர் அதைப் பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் உரக்க வாசித்தார். நீ ஓடையில் விழுந்த இடத்தில் சிரித்தார்கள். கடைசி வரியில் யாரும் சிரிக்கவில்லை. அஸ்கலே மூக்கைச் சிந்தினாள். ஷம்பெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இவன் எதுக்கு எழுத்தரா இருக்கான்?" என்றார். அது திட்டா பாராட்டா என்று எனக்குத் தெரியவில்லை.

கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு நான்கு தடவை போனேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு நாள் பூட்டு. திறந்ததும் கடிதத்தைப் பார்த்தார்கள். கடிதம் சரி, முத்திரை சரி, கதை மிகவும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் புதுச் சீட்டு அச்சடிக்க நாற்பது நாள் ஆகுமாம்.

நேற்று பட்டியல் போய்விட்டது. சிறிய பெண்கள் பிரிவில் என் பெயர் இல்லை.

ஆனால் கதை இங்கே முடியவில்லை, கேள். பெரிய பெண்கள் பிரிவில் ஓட இருந்த ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஷம்பெல் என்னைக் கூப்பிட்டார்.

"ஆறு கிலோமீட்டர் இல்ல, பத்து. உங்கூட ஓடப் போறவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. நீ நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே பதக்கம் வாங்கினவங்க. தாள்ல இருபத்தஞ்சுன்னு இருக்கு, அந்த வயசுக்கு ஓடிக் காட்டறியா?"

"ஓடறேன்" என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன், நீ படிவம் நிரப்பியது மாதிரி.

"முதல் பத்து பேர்ல வந்தா இந்தப் பொம்பளைங்க கூடவே உன்னை வச்சுக்கறேன். அடுத்த வெளிநாட்டு ஓட்டத்துக்கும் நீ வர்ற. பதினொண்ணாவதா வந்தா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போ. புதுச் சீட்டு வந்து, உன் வயசுப் பிள்ளைங்களோட முதல்லேருந்து தேர்வு ஓடி வா."

திர் 25 அன்று ஓட்டம். 21ஆம் தேதி விமானம். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. ஆறு கிலோமீட்டரில் என் கால் பேசுவதை எனக்குக் கேட்கத் தெரியும். பத்துக்கு அது என்ன சொல்லும் என்று தெரியாது. அம்மாவிடம் பயத்தைப் பற்றி வாசிக்காதே. இந்தத் தடவை நானே அனுமதி கொடுக்கிறேன்.

உன் கடிதத்தின் நகல் என் பையில் இருக்கிறது. இத்தாலிக்கும் வருகிறது.

லென்சா


சிர்போ
திர் 18, 1989

பொருள்: ஆடு.

அன்புத் தங்கைக்கு,

இதை ஹுசேன் நாளை உன்னிடம் நேரில் கொடுப்பார். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தால் கோபப்படாதே. பஸ் கிளம்பும் அஸெல்லாவிலிருந்து உன் விடுதிவரை சிரித்துக்கொண்டேதான் வருவார்.

விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உன் கடிதத்தில் 'திர் 25' என்று இருந்தது. முன்பு ஒரு தடவை மாற்றாமல் விட்டுத்தானே இத்தனை கூத்து? இனி எந்தத் தேதியையும் மாற்றாமல் நம்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பந்தயம் இத்தாலியில், தேதி சொன்னவர்கள் இத்தாலிக்காரர்கள், நீ அவசரக்காரி. ஆகவே அவர்கள் ஜனவரி 25 என்று சொன்னதைத்தான் திர் 25 என்று எழுதிவிட்டாய் என்று நினைத்தேன். ஜனவரி 25 என்றால் நமக்குத் திர் 17. மூன்று தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். கணக்கு கச்சிதமாக இருந்தது.

ஆகவே நேற்று, திர் 17 அன்று, ஆட்டை அறுத்தோம்.

கறுப்புத் தலை ஆடு, உனக்குத் தெரியும், அம்மா வளர்த்தது. நீ ஓடும் நாளில் ஊருக்குச் சோறு போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஊரே வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ரேடியோவைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தோம். செய்தியில் ஓட்டம் பற்றி ஒன்றும் வரவில்லை. "தோத்திருந்தா சொல்லியிருப்பாங்க" என்றார் ஒப்போ துலு. அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அம்மா குலவை போட்டாள். பிறகு பெண்கள் எல்லோரும் குலவை போட்டார்கள். குதிரை வைத்திருந்தவர்கள் குதிரைமேல் ஏறி ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். நானும் எழுந்து உன்னைப் பற்றி ஒரு சிறு உரை ஆற்றினேன். நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

சாப்பிட்டு முடித்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது பள்ளி ஆசிரியர் வந்தார். உன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "மெகர்சா, இது நம்ம திர் தானே? இன்னும் எட்டு நாள் இருக்கே" என்றார்.

எல்லோரும் எலும்பைக் கீழே வைத்தார்கள். பிறகு அம்மாதான் சொன்னாள், "பரவால்ல. சாப்பிட்டாச்சு. இனி அவ பார்த்துக்குவா."

ஆக, நிலவரம் இது. நீ இன்னும் ஓடவே இல்லை, ஆனால் ஊரில் உன் வெற்றியைக் கொண்டாடி முடித்தாகிவிட்டது. ஆட்டைத் திரும்ப நிறுத்த முடியாது. உனக்குப் பாரம் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை. நீ பத்தாவதாக வந்தாலும் இருபதாவதாக வந்தாலும் உன் அண்ணன் அஸெல்லாவில் வந்து நிற்பான். ஆனால் ஊர்க்காரர்களுக்காக நான் பொறுப்பேற்க முடியாது, அவர்கள் ஒரு முழு ஆட்டைச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

மெதுவாகத் தொடங்கு. மேட்டில் பல்லைக் கடி. இதெல்லாம் எனக்கு என்ன தெரியும் என்று கேட்பாய். ஓடையில் விழுந்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மெகர்சா


அடிஸ் அபாபா
திர் 28, 1989

அண்ணா, அம்மா, ஹுசேன் அண்ணே, ஆட்டைச் சாப்பிட்ட அனைவருக்கும்,

நேற்றுத் திரும்பி வந்தேன். இதை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், எந்த வரியையும் விட வேண்டாம்.

மொந்தெரிவாவில் குளிர். மற்ற நாட்டுப் பெண்கள் கையை உரசிக்கொண்டு நின்றார்கள். நமக்கு அது சிர்போவின் சாதாரணக் காலை. அந்த ஊர் தாழ்வில் இருப்பதால் காற்று கெட்டி, மோர் குடிப்பது போல் நெஞ்சுக்குள் இறங்கியது. பாஸ்தா கொடுத்தார்கள். அஸெல்லா பஸ் நிலையத்துக் கடைப் பாஸ்தா இதைவிட மேல் என்றேன். மொழிபெயர்க்கும் பெண் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கோதுமை அறுத்த வயல், முதல் நாள் மழை. ஐந்து சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மேடு. துப்பாக்கி வெடித்ததும் எல்லோரும் காட்டுத் தீக்குத் தப்பி ஓடுவது போல் ஓடினார்கள். மெதுவாகத் தொடங்கு என்று நீ எழுதியிருந்தாய். நான் தொடங்கிய மெதுவில் முதல் சுற்று முடிவில் முப்பதாவது ஆளாக இருந்தேன். ஷம்பெல் கயிற்றுக்கு அப்பால் கூடவே ஓடி வந்து ஏதேதோ கத்தினார். அதில் பாதி ராணுவப் பேச்சு, இங்கே எழுத முடியாது.

இரண்டாம் சுற்றில் இருபத்திரண்டு. மூன்றாம் சுற்றில் பதினாறு. சேற்றில் ஓட அவர்களுக்குத் தெரியவில்லை. காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தார்கள். நாம் பார்லி வயலில் மாட்டை விரட்டி வளர்ந்தவர்கள். ஆறு கிலோமீட்டர் தாண்டியதும் என் கால் பேச ஆரம்பித்தது. "இதோட நம்ம வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாம்" என்றது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

கடைசிச் சுற்றில் நான் பதினொன்றாவது. எனக்கு முன்னால் மஞ்சள் நாடா கட்டிய ஒரு நெடிய பெண், இருபதடி தூரத்தில். அந்த இருபதடி குறையவே இல்லை. மேடு வந்தது. பதினொன்றாவது வந்தால் என்ன, போதும், நான் பதினெட்டு வயதுப் பெண்தானே, யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது எனக்கு அந்தக் கறுப்புத் தலை ஆடு நினைவுக்கு வந்தது. ஒப்போ துலு எலும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நீ எழுந்து நின்று உரை ஆற்றியது தெரிந்தது. என்ன பேசினாய் என்று எழுதவே இல்லையே அண்ணா. "இனி அவ பார்த்துக்குவா" என்று அம்மா சொன்னது காதில் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சிரித்தேன், மேட்டில், சேற்றில், மூச்சே இல்லாமல். அந்த மஞ்சள் நாடாக்காரி பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் கால் வழுக்கினாள். விழவில்லை. ஆனால் அந்த இருபதடி போய்விட்டது. மேட்டு உச்சியில் அவளைத் தாண்டினேன். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தாவது.

ஷம்பெல் என்னைத் தூக்கி நிறுத்தினார். "எதுக்குடி சிரிச்சே? நான் முப்பது வருஷமா பார்க்கறேன், மேட்டுல சிரிச்ச ஆளைப் பார்த்ததே இல்ல" என்றார். ஆட்டுக் கதையைச் சொன்னேன். அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அந்த ஊர்ப் பத்திரிகையில் என் படம் வந்தது. மொழிபெயர்ப்புப் பெண் வாசித்துக் காட்டினாள். 'அனுபவம் மிக்க இருபத்தைந்து வயது வீராங்கனை, இளையவர்களுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தார்' என்று இருக்கிறது. அதை வெட்டி உனக்காக வைத்திருக்கிறேன், சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டு.

புதுக் கடவுச்சீட்டு அடுத்த மாதம், யகாத்தித் 8 அன்று கிடைக்கும் என்றார்கள். ஷம்பெல் கேட்டார், "இப்ப நீ பதினெட்டா, இருபத்தஞ்சா? அடுத்ததுல யாரோட ஓடப் போறே?" நான் சொன்னேன், "வயசு பதினெட்டு. ஓட்டம் பெரியவங்களோடயே இருக்கட்டும் ஷம்பெல். அக்கான்னு கூப்பிட்டுப் பழகிட்டாங்க."

யகாத்தித் 10 அன்று ஹுசேன் அண்ணன் பஸ்ஸில் வருகிறேன். காலை நான்கு மணிக்கு அஸெல்லா வந்து சேரும். ஐந்து நாள் விடுப்பு. அந்த நாற்காலி என்ன ஆயிற்று? நீ எழுதவில்லை, எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை
லென்சா


சிர்போ
யகாத்தித் 1, 1989

பொருள்: வரவேற்பு ஏற்பாடுகள்.

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்தான் வாசித்தேன், முற்றத்தில், எல்லோருக்கும் முன்னால், ஒரு வரியும் விடாமல். சிரிப்பு வந்த இடத்தில் என்னால் தொடர முடியவில்லை. ஹுசேன் வாங்கி மீதியை வாசித்தார். 'பத்தாவது' என்றதும் அம்மா போட்ட குலவையில் கோழிகள் வேலி தாண்டின. ஆட்டைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் தாங்கள்தான் ஓடி முடித்தது போல் பெருமூச்சு விட்டார்கள். ஒப்போ துலு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

நாற்காலி எனக்குக் கிடைக்கவில்லை. அதிகாரி வந்தார், கோப்பைப் புரட்டினார், என் திருத்தக் கடிதத்தில் வெகு நேரம் நின்றார். பிறகு அந்த நாற்காலியை அடுத்த மேசைக்காரருக்குக் கொடுத்தார். ஒரு வாரம் வருத்தமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஒன்பது வருடப் படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். உன்னைச் சேர்த்து ஏழு பேருக்கு இப்படி எழுதியிருக்கிறேன். மற்ற ஆறு பேரும் உன்னைப் போல் ஓடுகிறவர்கள் இல்லை, அதனால் என்னைத் துரத்திப் பிடிக்கவில்லை. இப்போது நானே அவர்கள் வீடு தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆறில் ஒருவர் தாளில் இருக்கும் வயதே போதும், தொந்தரவு வேண்டாம், பெண் வீட்டாரிடம் பெரிய ஆள் என்று சொல்லிவிட்டேன் என்கிறார். அவரிடம் இன்னும் பேச்சு நடக்கிறது.

அன்று என்ன உரை ஆற்றினேன் என்று கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. 'இவள் பிறந்த அன்றே என்னை முந்தியவள், இத்தாலிக்காரர்கள் எம்மாத்திரம்' என்று சொன்னேன்.

இனி முக்கியமான விஷயம். யகாத்தித் 10, காலை நான்கு மணி என்று எழுதியிருக்கிறாய். நம் கணக்காகத்தான் இருக்கும் என்று பள்ளி ஆசிரியர் சத்தியம் செய்கிறார். ஆனால் நீ வெளிநாடு போய் வந்தவள். ஒருவேளை பிப்ரவரி 10 என்று மனதில் வைத்து எழுதியிருந்தால் அது நமக்கு யகாத்தித் 3, அதாவது நாளை மறுநாள். மணியும் அவர்கள் மணியாக இருந்தால் விடியலிலிருந்து எண்ணும் நம் காலை நான்கு அவர்களுக்குப் பத்து, அவர்கள் நான்கு நமக்கு விடியாத இருட்டு. எதையும் இனி நான் கூட்டிக் கழிக்கப் போவதில்லை.

மூன்றாம் தேதி இருட்டிலும் வந்து நிற்பேன், வெயில் ஏறிய பிறகும் நிற்பேன். பத்தாம் தேதியும் இரண்டு வேளையும் நிற்பேன். நடுவில் உள்ள நாட்களில் அம்மா நிற்கிறேன் என்கிறாள். எந்தப் பஸ்ஸில் நீ இறங்கினாலும் எங்களில் ஒருவர் அங்கே இருப்போம், கையில் காப்பிக் குடுவையோடு. முதல் சுற்றுக் காப்பி.

உன் அண்ணன்
மெகர்சா